காலியாக இருந்த இடம்

சயின்ஸ் டீச்சர் உள்ளே வந்ததும் ஆசிரியர் அறையில் பேச்சு டக்கென்று நின்றது. பேச்சு யாரைப் பற்றி என்று கண்டுபிடிக்க ஜோசியக்காரனா வேண்டும்?

புவியியல் சாருக்கு மட்டும் வாயை அடக்கத் தெரியாது. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அட்லஸ்.

"வாங்க டீச்சர். எங்களுக்கெல்லாம் கறுப்புப் பட்டை, உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் மாறுதல் உத்தரவா? இங்க காலியா இருக்கிற கணக்கு வாத்தியார் இடத்தைக் கலந்தாய்வுல யாருக்கும் காட்டாம இருக்காங்களேன்னு பார்த்தேன். அவருக்காகத்தான் பொத்தி வச்சிருந்தாங்க போல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செய்தியில் பாதி உண்மை.

அவள் கணவர் ஆசிரியர் சங்கச் செயலாளர். ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் கணக்கு வாத்தியார். நியாயமான சம்பளம், இடியக் காத்திருக்கும் பள்ளிகளுக்குப் புது வகுப்பறை என்று சங்கம் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. நேற்று மேலதிகாரி அவரைத் தனியாகக் கூப்பிட்டாராம். வகுப்பறைப் பேச்சை விட்டுவிடுங்கள், கேட்டதில் பாதிச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள், உங்கள் சம்சாரம் இருக்கிற பள்ளியிலேயே ஒரு இடம் மறைத்து வைத்திருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அதற்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டது.

அட்லஸுக்கு வயிறு எரிந்ததிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய சம்சாரமும் எங்கோ தூரத்தில்தான் கணக்கு டீச்சர். வருஷா வருஷம் மாறுதல் கலந்தாய்வுக்குப் போய், இடமில்லை என்று கையைப் பிசைந்துகொண்டு திரும்புகிற ஜோடி அது.

மதிய இடைவேளையில் அவள் மாடிப்படிக்குக் கீழே போய்க் கணவருக்குப் போன் செய்தாள்.

"அதிகாரிகிட்ட என்னங்க சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்."

அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. சங்க விஷயத்தில் அவருக்கு வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான்.

"நீ வான்னு சொல்லு, வந்துடறேன்" என்றார் அவர். "எவன் என்ன பேசினாலும் பேசிட்டுப் போகட்டும். தனியா உக்காந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கும் அலுத்துப் போச்சும்மா."

'அப்பா எங்கே' என்று யாராவது கேட்டால் பாப்பா போனைக் காட்டுகிறாள். எப்போதாவது அவர் வந்தால், வேற்று ஆளைப் பார்த்த மாதிரி முதல் நாள் முழுக்க அம்மா புடவைக்குள் ஒளிந்துகொள்வாள். ஒட்டிக்கொள்கிற நேரத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். கட்டிலில் அவர் பக்கம் அவள் இன்னும் புரண்டு படுப்பதில்லை. வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

மணி அடித்தது. சாயங்காலம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

வகுப்பு என்று பெயர்தான். கூரை விழுந்த அறையைப் பூட்டிய பிறகு ஒரே அறையில் இரண்டு வகுப்பு. இந்தச் சுவரைப் பார்த்து அவளுடைய பிள்ளைகள், அந்தச் சுவரைப் பார்த்து அட்லஸின் பிள்ளைகள். நடுவில் முதுகோடு முதுகு.

"மனுஷனுக்கு இதயம் எங்கே இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"பூமத்திய ரேகைக்கு வடக்கே" என்றது பின்பக்கத்துக் குரல் ஒன்று, அட்லஸ் கேட்ட கேள்விக்கு.

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். இந்த அறையிலும் விரிசல் மூலையிலிருந்து நடு உத்தரம் வரைக்கும் வந்திருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த பெண்ணை இந்தப் பக்கம் தள்ளி உட்கார வைத்தாள். அவளை வேறு எங்கேதான் உட்கார வைப்பது?

சாயங்காலம் அவள் கணவரிடம் என்ன பேசினாளோ, அன்றைக்கு வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பாப்பா ஊட்டிவிடப் பார்த்தும் வேண்டாம் என்றுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஆசிரியர் அறையில் அட்லஸின் போன் அடித்தது.

"என்னது, உனக்கு மாறுதலா? இங்கயா? நம்ம பள்ளிக்கூடத்துக்கா?" என்று எழுந்தே விட்டார் மனுஷர். முகமெல்லாம் பல். "அந்தக் கணக்கு இடம்தான் செயலாளருக்குன்னு முடிவாயிடுச்சே, அது எப்படி உனக்கு..."

அந்தப் பக்கம் அவருடைய சம்சாரம் சொல்லிக்கொண்டே போனாள். அமைதியான அறையில் அது எல்லோர் காதிலும் விழுந்தது. செயலாளர் அந்த இடத்தை வேண்டாம் என்றுவிட்டாராம். வகுப்பறை வராமல் கையெழுத்தே கிடையாது, ஒளித்து வைத்த இடத்தையும் கலந்தாய்வில் எல்லோருக்கும் காட்டுங்கள் என்று அடம் பிடித்தாராம். அதிகாரியும் வேறு வழியில்லாமல் நேற்றே காட்டினாராம்; செயலாளர் பெயர் எங்கோ அடியில் கிடக்கிறதாம், வரிசையில் முதல் பெயர் இவளுடையதாம். வீட்டில் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன் என்று செயலாளர் அதிகாரியிடம் சொன்னாராம்.

அட்லஸின் முகத்தில் ஈயாடவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர்... நான் அன்னைக்கு..."

கறுப்புப் பட்டையைக் குத்திக்கொண்டிருந்த சயின்ஸ் டீச்சர் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார். முதல்ல அக்காகிட்ட வான்னு சொல்லுங்க. போன்ல காத்துட்டிருக்காங்க பாருங்க."