பதில் சொல்லாத மூடி

மருத்துவமனைக் கட்டிலில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தொண்டை அறுவைச் சிகிச்சையில் குரலை இழந்த பஸ் டிரைவர், அக்கா நீட்டும் டேப்லெட் கணினியைத் தொட மறுக்கிறார். எழுதியதை அது பெண் குரலில்தான் பேசுகிறது. "சின்ன வயசுல மொட்டைமாடில பிஸ்கட் டப்பா மூடிய கம்ப்யூட்டரா வச்சுக்கிட்டு, விண்கலக் கேப்டன்னு என்ன அதட்டு அதட்டுவே! அந்த மூடி ஒரு நாளாவது பதில் சொல்லிச்சாடா? இது நிஜமாவே பேசுது, ராசா. ஒரு வார்த்தை எழுதேன்." அவர் கண்கள் ஒரு கணம் அந்தப் பழைய மொட்டைமாடிக்குப் போய்த் திரும்புகின்றன, ஆனாலும் தலையசைத்து மறுக்கிறார். பக்கத்துக் கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பெரியவர் விசும்புகிறார். இன்று அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. டிரைவர் அந்த முதுகையே பார்க்கிறார். பிறகு டேப்லெட்டை மடிக்கு இழுத்து, காய்த்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொடுகிறார். "சாப்பிட்டீங்களா ஐயா?" என்கிறது பெண் குரல். பெரியவர் திரும்பாமலே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். "இன்னும் இல்லம்மா. நீ சாப்பிட்டியாம்மா?" டிரைவர் சிரித்தபடி அடுத்த எழுத்தைத் தேடுகிறார்.