ஏழாம் நம்பர்

"ஏழாம் நம்பர் இதயம் இருக்கே, அப்பப்பா!" என்றாள் மனைவி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

இதய ஆராய்ச்சிக்கு வரும் வரைபடங்களைப் படிப்பது அவள் வேலை. அவற்றில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான்.

"பலூனை ஊதி அரை நிமிஷம் ரத்தக்குழாயை அடைச்சிருக்காங்க. விட்டதும் ரத்தம் நாலு மடங்கு பாய்ஞ்சு, உடனே சாதுவா அடங்கிடுச்சு. உங்களை மாதிரி மூக்கு மேல கோபம் வர்ற ஆளா இருக்காது!"

மாத்திரையை விழுங்கிய கணவனுக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரமாகச் சாப்பிட உட்கார்ந்தாலே இந்த ஏழாம் நம்பர்தான்.

"அப்போ அவன்கூடவே போய் இரு!"

சனிக்கிழமை அவள் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்தாள்.

"ஆராய்ச்சி முடிஞ்சுது. பேரையெல்லாம் சொல்லிட்டாங்க."

"யாராம் அந்த மகாராசன்?"

"போன மாசம் உங்களுக்கு ரத்தக்குழாயில ஸ்டென்ட் வச்சப்போ எடுத்த வரைபடமாம்."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"இப்போ சொல்லு, அந்த இதயம் எப்படி?"

"எல்லா இதயமும் பண்றதுதான். அந்த வெங்காயத்தை உரிங்க."

ஏழாம் நம்பர் மேல் அவனுக்கு மறுபடியும் பொறாமை வந்தது.