மண்சரிவில் போனவர்கள்

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டுக் கதவைத் தட்டியபோது மதுஷாவுக்கு மூச்சு வாங்கியது.

ஹல்துமுல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் ரோட்டில் ஏறி வந்திருந்தாள். வழியெல்லாம் தூறல். குடையை விரிக்கக்கூடத் தோன்றவில்லை.

தம்பி நிமலனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு நாளைத் தள்ளுகிறான். இருபத்தாறு வயது. போன வாரம் கட்டிலிலேயே மூச்சடைத்துப் பிழைத்து வந்தான். சொந்தத்தில் யாராவது சீக்கிரம் ஒரு கிட்னி கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா இதே நோயில் போனவர். அம்மாவுக்குச் சர்க்கரை. மதுஷா தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். சோதித்துப் பார்த்த டாக்டர், உன்னுடையது சரிவராது என்றார்.

வேறு சொந்தம் இல்லை. அப்பாவைப் பெற்ற தாத்தா ரெங்கசாமி தெமோதரைக்கு வந்ததே தனி ஆளாகத்தான். வீட்டில் எல்லோரும் ஒரே மழையில் மண்சரிவில் போய்விட்டார்கள் என்று சொல்லித்தான் அங்கே பெண் கட்டினார். சாகும்வரை ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அவர்களுக்காக விரதம் இருந்தார்.

அந்தக் கதையை, கூரைத் தகரம் மாற்ற வந்த ஒரு கிழவர் உடைத்துப் போட்டார். சுவரில் மாலை போட்டிருந்த தாத்தாவின் படத்தையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எங்க தோட்டத்துப் பொன்னையால்ல? பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டு ஓடுன ஆளாச்சே. இவரு படம் எப்புடி இங்க?"

பெயர்கூடப் பொய்யா என்று அம்மா அவமானத்தில் அழுதாள். மதுஷாவுக்கு அழுகை வரவில்லை. தாத்தாவுக்கு வேறொரு பிள்ளை இருந்திருக்கிறது. அப்படியானால் ஓர் இரத்தச் சொந்தம் எங்கோ இருக்கிறது.

அன்றிலிருந்து விசாரிக்கத் தொடங்கினாள். கிழவர் சொன்ன தோட்டம் இரண்டாகப் பிரிந்து, பெயரும் மாறியிருந்தது. அப்புத்தளைச் சந்தையில் கேட்டாள். கோயில் திருவிழாவில் கேட்டாள். பொன்னையா ரயிலில் அடிபட்டுச் செத்தான் என்றார் ஒருவர். இந்தியாவுக்கே போய்விட்டான் என்றார் இன்னொருவர். கடைசியில் ஒருத்தி இந்த லயத்தைக் கைகாட்டினாள்.

கதவு திறந்தது. நரைத்த தலையுடன் ஓர் அம்மா நின்றிருந்தார்.

"யாரு தாயி, யாரத் தேடுறீங்க?"

"நான் பொன்னையாவோட பேத்திங்க. தெமோதரையில இருந்து வாறேன்."

திட்டினால் கேட்டுக்கொள்வது, விளக்குமாற்றால் அடித்தாலும் காலில் விழுவது என்று நினைத்துத்தான் வந்திருந்தாள்.

அந்த அம்மா திட்டவில்லை. அவளைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு உள்ளே அழைத்தார். பெயர் பெரியாயி. பொன்னையா விட்டுப்போன மகனைக் கட்டியவர். அந்த மகனும் செத்துப் பல வருடம் ஆகிறதாம்.

மதுஷா மண்சரிவுக் கதையைச் சொன்னாள். பெரியாயி நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மண்சரிவுன்னா சொன்னாரு? எந்த மண்ணும் சரியல தாயி. ஒங்க தாத்தாவோட அப்பாரு, ரெண்டு அண்ணன்மாரு, எல்லாம் ஒடம்பு வீங்கி வீங்கிச் செத்தாங்க. இது குடும்பத்து நோவுன்னு டிஸ்பென்சரி ஐயா அப்பவே சொன்னாராம். மூணாவது சாவு முடிஞ்ச மறுநாளு சட்டையப் போட்டுக்கிட்டுப் போனவருதான். என் வூட்டுக்காரரும் அதுலதான் போனாரு."



தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பெயரை மாற்றினார். தெரிந்துதான் இன்னொரு பெண்ணைக் கட்டிப் பிள்ளையும் பெற்றார். பிறகு ஒன்றும் அறியாதவர்போல் விரதம் இருந்தார்.

வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி உடைக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை. இந்த வீட்டில் ஒருவருக்காவது நோய் வராமல் இருந்திருக்கலாம்.

"பெரியம்மா, ஒங்களுக்குப் புள்ளைங்க…"

கேட்டு முடிப்பதற்குள் பெரியாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி இறுக்கிப் பிடிப்பார் என்று மதுஷா நினைக்கவில்லை.

"நிஷாந்த்! எந்திரிச்சு வாடா. நம்ம ரத்தம் ஒண்ணு வந்துருக்குடா!"

உள் அறையிலிருந்து ஓர் இளைஞன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். முகம் ஊதியிருந்தது. நிமலனுக்குப் போலவே, ஊசி குத்திக் குத்தி அவன் இடது கை நரம்பு கயிறுபோல் புடைத்திருந்தது. மதுஷாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"ஒரே புள்ள தாயி. நான் குடுக்கப் போனேன், சேரலன்னுட்டாங்க. கும்புடாத சாமியில்ல. நீயா வந்து நிக்கிற." பெரியாயி பிடித்த கையை விடவில்லை. "ஒனக்கு என்ன ரத்த குரூப்பும்மா?"

மதுஷா அவனைப் பார்த்தாள். பெரியாயியைப் பார்த்தாள். இங்கே கேட்பதற்கென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளுக்கு இனி வேலை இல்லை.

சேர்ந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடலாம். தேடி வர இவர்களுக்கு முகவரிகூடத் தெரியாது.

"எனக்கும் இருக்கு பெரியம்மா," என்றாள். "எனக்கும் இதேதான்."

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது, நிமலனுக்குத் தெரியாது. தை பிறந்ததும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கும் தெரியாது.