நிற்பதற்குப் பயம்

“போதும்மா, வேகத்தைக் குறைச்சிட்டேன். நீங்க நிக்கலாம்,” என்றார் டாக்டர் ரெஜினா.

தாட்சாயணி நிற்கவில்லை. டிரெட்மில்லின் கம்பியைப் பிடித்தபடி நடந்துகொண்டே இருந்தாள். நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. ரத்தம் எடுப்பதற்காகக் கையில் ஊசி செருகியிருந்தது. போலீஸ் வேலைக்கான ஓட்டத்தில் முதலாவதாக வந்த அவளுடைய அண்ணன் இளமாறன், ஓடி முடித்து, நின்று, அவளைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் விழுந்து இறந்தான். அவன் இதயத்தில் இருந்த கோளாறு தங்கைக்கும் இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள்.

“கடுமையா ஓடும்போது ரத்தத்துல பொட்டாசியம் ஏறும். நின்னதும் சட்டுனு இறங்கிடும். எந்த அளவுக்கு ஓடுறோமோ அந்த அளவுக்கு இறக்கம். சில பேர் இதயம் அதைத் தாங்காது,” என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

“நின்னா செத்துருவேனா டாக்டர்?”

“நான் பக்கத்துலயே இருக்கேன்மா.”

கேட்டதற்கு அது பதிலில்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் கால்கள் துவண்டுவிட்டன. நின்றாள். நர்ஸ் ரத்தம் எடுத்தாள். மாடிப்படி ஒன்று தவறியதைப் போல நெஞ்சுக்குள் ஏதோ சறுக்கியது. இதயத்துடிப்பைக் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

“பேசிக்கிட்டே இருங்க. எதை வேணா பேசுங்க.”

அவள் அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவன் விழுந்தது தெரியாமல் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள் என்றாள். குரல் மெலிந்துகொண்டே வந்தது.

“ம், அப்புறம்?” என்றார் டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்புறம் சொல்லுங்கம்மா.”