பூசணிக்காய் காத்த வீடு

காட்டோரத்து ஓட்டு வீட்டு வாசலில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. முறுக்கு மீசை, உருட்டு விழி, வெளியே நீட்டிய நாக்கு. தன் முகத்துக்குப் பயந்துதான் சூரியனே சாயங்காலமானால் ஓடி ஒளிகிறான் என்பது அதன் நம்பிக்கை.

அந்தக் கோடையில் மலையில் தீப்பிடித்துப் புகை கிளம்பியது. மூலையில் கிடந்த விளக்குமாறு பதறியது. “அண்ணே, ஓட்டு மேல பூரா சருகு. சுவரை ஒட்டி விறகு, காய்ஞ்ச புல்லு. ஒரு பொறி விழுந்தா போதும்!”

“நான் முறைச்சா தீ திரும்பிப் போயிடும். நீ போய்க் குப்பையைப் பாரு,” என்றது பூசணி.

நல்லவேளை, வீட்டுக்காரி விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள். ஓட்டுச் சருகைத் தள்ளினாள். விறகைத் தூரப் போட்டு, புல்லை அறுத்து, வீட்டைச் சுற்றி வெறுந்தரை தெரியும்வரை கூட்டினாள்.

தீ இறங்கி வந்தது. பூசணி கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தது. வரைந்த கண் மூடுமா? வெறுந்தரை வரைக்கும் வந்த தீ, தின்ன ஒன்றும் கிடைக்காமல் அணைந்துபோனது. விளக்குமாறு பாதியாகத் தேய்ந்திருந்தது.

வீட்டுக்காரர் ஓடிவந்து பூசணியைக் கும்பிட்டார். “எல்லாம் நீ காத்ததுதான்!”

“பின்னே, வேற யாராம்?” என்று பூசணி விளக்குமாற்றைப் பார்த்துக் கேட்டது.

“வந்த கண்டமெல்லாம் இதுக்குள்ளதான் இறங்கியிருக்கும். சூடம் ஏத்தி நடுரோட்டுல உடைச்சிடணும்,” என்றபடி அவர் கயிற்றை அவிழ்த்தார்.

“ஐயையோ, நான் ஒண்ணுமே பண்ணலை! எல்லாம் விளக்குமாறுதான்!” என்று அலறியது பூசணி.

“உனக்குப் பெரிய மனசு அண்ணே,” என்றது விளக்குமாறு. “நீ முன்னால போ. கூட்டி அள்ள நான் பின்னாலயே வரேன்.”