குப்பியின் தழும்பு

ரோமாபுரிப் பட்டறையில் அன்று ஊதிச் செய்த கண்ணாடித் தைலக்குப்பி அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அடியில் ஒரு தழும்பு.

“டேய் இரும்புக்கம்பி, நீ ஒட்டிப் பிடிச்சதாலதானே இந்த அசிங்கம்? இனி என்னை யார் வாங்குவாங்க?” என்று குப்பி கத்தியது.

“ஊதுகுழல்லேர்ந்து உன்னை உடைச்சு எடுத்தப்போ உனக்கு வாயே சரியா இல்ல. நான் அடியைப் பிடிச்சு நெருப்புல காட்டினேன். வாய் வந்துச்சு. அந்த வாயாலதான் இப்ப என்னைத் திட்டுற,” என்றது கம்பி.



பக்கத்தில் இருந்த சாணைக்கல் கூப்பிட்டது. “கவலைப்படாத தம்பி. நான் நாலு தேய் தேய்ச்சா தழும்பு போயிடும்.”

அதற்குள் கம்பி வாயில்லாத இன்னொரு குப்பியைத் தாங்கிக்கொண்டு நெருப்புக்குள் போயிருந்தது. குப்பி அதையே பார்த்தது.

“தேய்க்காத. கம்பியண்ணன் என்னைப் பிடிச்ச இடம் அது.”