இருநூத்தி அம்பத்தாறு கலர்

"அழிச்சிடு நைனா! அந்த கேமு இருந்த எடமே தெரியக் கூடாது!"

போர்வையில சுத்தி பஸ்ஸுல தூக்கினு வந்த கம்ப்யூட்டரை ஆல்பின் மேசை மேல 'தொப்'புனு வெச்சாங்க ஜெயம்மா. பின்னாடியே மருமக ஸ்னேகா, தலையைக் குனிஞ்சிகினு.

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டுல ஆல்பினுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. சேலை டிசைன் போட இந்த கம்ப்யூட்டரை அம்மையார்குப்பத்து ஜெயம்மா வூட்டுக்கு வித்தவனே அவன்தான். பழைய கேமுங்களை ஓட்டற ஒரு லோடரையும் சும்மா ஏத்திக் குடுத்திருந்தான்.

"இன்னாம்மா ஆச்சி?"

"நாலு மணிக்கு மெட்ராஸ்லேர்ந்து ஜவுளிக்கடைக்காரரு வர்றாரு. கல்யாண ஆர்டரு. திரையில டிசைனைப் பாத்துதான் சரின்னுவாரு. டிசைன் போட்ட என் புள்ள நூல் வாங்க காஞ்சிபுரம் போயிருக்கான். காலையில தொறந்தா, அரக்கு பார்டரு சொறி புடிச்ச மாதிரி திட்டுத் திட்டா நிக்கிது!"

ஆல்பின் மானிட்டரை மாட்டிப் பாத்தான். சொறியேதான்.

"யாரோ பழைய கேமு ஆடறதுக்கு, லோடருல திரைக்கு 256 கலர் மட்டும் போதும்ன்ற டிக்கைப் போட்டுட்டு, எடுக்காமலே ஸ்விட்சை அணைச்சிருக்காங்கம்மா."

"யாரோவா? தோ நிக்கிறா பாரு மகாராணி! கேட்டா 'நான்தான் அத்தை'ன்றா. தறியில பாவு ஏத்தலை, அடுப்புல உலை வெக்கலை, இவளுக்கு கேமு! இந்த ஆர்டரு போச்சின்னா நாலு தறியும் நின்னுடும். தட்டு நைனா, அழி!"

ஆல்பின் லோடரைத் தொறந்து டிக்கை எடுத்தான். அரக்கு பளிச்சுன்னு வந்துது. அப்புறம் லோடரையே அழிக்க, டெலீட் பட்டன் மேல விரலை வெச்சான்.

கீபோர்டையே வெடுக்குனு இழுத்துட்டா ஸ்னேகா.

"அண்ணா, வேணாம்!"

ஜெயம்மாவுக்குக் கண்ணு செவந்துது. "பாத்தியா? குடும்பம் கவுந்தாலும் இவளுக்கு கேமு வேணுமாம்!"

"இனிமே இப்பிடி ஆவாது அத்தை. புரியாமதான ஆச்சி? அண்ணா, அந்த டிக் பக்கத்துல வெறும் நம்பருதான இருக்கு? அது இன்னா பண்ணும்னு அங்கயே தமிழ்ல எழுதுங்களேன்."

ஆல்பின் யோசிச்சி யோசிச்சித் தட்டினான்.

'இது பழைய கேம். புது கம்ப்யூட்டரைப் பாத்தா மிரளும். அதுக்காக கம்ப்யூட்டர் பழசு மாதிரி நடிக்கும். ஆட்டம் முடிஞ்சதும் இந்த டிக்கை எடுக்கவும். எடுக்கலைன்னா சேலையும் சேந்து நடிக்கும்.'

"போதுமா?"

"'எடுக்கவும்'னா மறந்துடும்ணா. 'எடுத்துட்டுதான் ஸ்விட்சைத் தொடணும்'னு போடுங்க. யாரு வந்தாலும் பதறி அணைக்கக் கூடாதுன்னும் போடுங்க."

"ஆங், போட்டாச்சி."

"எழுத்தை இன்னும் பெருசாக்குங்க. கண்ணாடி போடாமலே தெரியணும்."

"அடி இவளே!" ஜெயம்மா தலையில அடிச்சிகினாங்க. "மணி ரெண்டாவப் போவுது, எழுத்து பெருசா வேணுமாம் எழுத்து! என் புள்ள வரட்டும், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்கறேன்." பஸ் வருதான்னு பாக்க தடதடன்னு ரோட்டுக்குப் போயிட்டாங்க.

ஆல்பினுக்கும் எரிச்சல்தான். "ஏம்மா, மாமியார்கிட்ட இவ்ளோ பேச்சு வாங்கினு காப்பாத்தறியே, அப்பிடி எந்த கேம்தான் ஆடற?"

"எனக்கு மவுசே புடிக்கத் தெரியாதுண்ணா."

"அப்புறம்?"

ஸ்னேகா வாசலை ஒருவாட்டி எட்டிப் பாத்துட்டு, குரலை எறக்கினா.

"எங்க மாமனாருதான் ஆடறாரு. அத்தை கால் சத்தம் கேட்டாலே வெக்கப்பட்டு பட்டுனு ஸ்விட்சை அணைச்சிடுவாரு. வெளியில தெரிஞ்சா ஆட்டத்தையே வுட்டுடுவாரு. இந்தத் தீபாவளிக்கு அப்புறம்தான்ணா, பொழுது சாஞ்சா அவரு ஒயின் ஷாப்புக்குப் போவாம வூட்டுல இருக்காரு."